ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரம்

மருத்துவக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் மேற்படிப்பைப் பற்றியதாக இருக்கிறது. எந்தத் துறைக்கு எதிர்காலம் அதிகம், அதன் நுழைவுத் தேர்வுக்கு எந்த வருடத்தில் படிக்க ஆரம்பிப்பது, இப்போது நடத்தும் பாடங்களில் எதை ஒப்பேற்றினால் போதும் என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுற்றியிருக்கும் எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். இளநிலைப் படிப்பு என்பது சீக்கிரம் கடந்துவிட வேண்டிய ஒரு கட்டம் என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது.

நான் பொது மருத்துவத் துறையில் இருக்கிறேன், வார்டில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இவ்வளவு காலம் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. இளநிலை மாணவரிடம் இருக்கும் ஒரு செல்வம் அவருக்கு வாழ்க்கையில் மறுபடி கிடைக்கவே கிடைக்காது. நேரத்தைச் சொல்கிறேன். ஒரு மாணவர் ஒரே நோயாளியின் கட்டில் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காரலாம். யாரும் அவரை அவசரப்படுத்தப் போவதில்லை. ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர், ஆன அன்றைக்கே அது போய்விடும். ரத்தம் எடுக்க வேண்டும், ரிப்போர்ட் வாங்க வேண்டும், டிஸ்சார்ஜ் எழுத வேண்டும். மேற்படிப்பில் இன்னும் மோசம். நிபுணர் ஆன பிறகு வாசலில் வரிசை நிற்கும். நிதானமாகக் கேட்டு, நிதானமாகத் தொட்டுப் பார்த்து, தப்பாகச் சொல்லித் திருத்தப்பட்டு, மறுபடி போய்ப் பார்க்கிற வசதி அந்த ஐந்தாறு வருடங்களில் மட்டும்தான் இருக்கிறது. அதைச் செலவழிக்கத் தெரியாமல் பல பிள்ளைகள் வெளியே வருவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படிப்பின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நாடுகளில் பள்ளி முடித்த கையோடு ஐந்து அல்லது ஆறு வருடம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பொதுவாக ஒரு பட்டப்படிப்பை முடித்துவிட்டு, அதற்குமேல் நான்கு வருடம். முன்பாதியில் அடிப்படை அறிவியல், பின்பாதியில் வார்டு என்று பிரித்த அமைப்பு உலகம் முழுக்கப் பரவியதில் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னரின் 1910 அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் மருத்துவர்கூட இல்லை, பள்ளிக்கூடம் நடத்தியவர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்த்து எழுதினார். ஆய்வகமும் இல்லாமல், மாணவர் நுழைந்து பார்க்க மருத்துவமனையும் இல்லாமல் நடந்த பள்ளிகள் அதில் ஏராளம். பிறகு பல மூடப்பட்டன. கறுப்பின மாணவர்களுக்காக இருந்த ஏழு பள்ளிகளில் ஐந்து மூடப்பட்டதும் அந்த அறிக்கையின் பின்விளைவுதான். அந்த இழப்பையும் சேர்த்தே அதைப் பற்றிப் பேச வேண்டும். அறிவியல் அடித்தளம் வந்தது நல்ல விஷயம். ஆனால் இரண்டு பாதியாகப் பிரித்ததில் ஒரு சங்கடமும் சேர்ந்து வந்தது. முதல் பாதியில் படிப்பது எதற்கு என்று மாணவருக்குத் தெரிவதில்லை. இரண்டாம் பாதிக்கு வரும்போது அது மறந்திருக்கும்.

முதல் வருடம் என்றதும் எல்லாருக்கும் டிஸ்செக்‌ஷன் ஹால்தான் ஞாபகம் வரும். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். மேசையைச் சுற்றி மாணவர்கள், நடுவில் தன் உடலைக் கொடுத்துவிட்டுப் போன ஒரு மனிதர். அங்கே கற்றுக்கொள்வது நரம்பு, தசை, ரத்தக் குழாய்களின் பெயர்களை மட்டும்தான் என்றால் அதற்கு நல்ல வண்ணப்படங்களே போதும். நான் அதில் பார்க்கும் பயன் வேறு.

பால்மாரிஸ் லாங்கஸ் என்று முன்கையில் ஒரு மெல்லிய தசை உண்டு. உங்கள் கையிலேயே பார்க்கலாம். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் ஒட்டவைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கமாக மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு தசைநாண் புடைத்து எழுந்தால் அதுதான். சிலருக்கு எழாது. உலக அளவில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு ஒரு கையிலோ இரண்டு கையிலோ அது கிடையாது. இந்த விகிதம் மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். இல்லாததால் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. வேறு எங்காவது தசைநாண் அறுந்துபோனால் ஒட்டுப்போட அறுவை மருத்துவர்கள் இதைத்தான் முதலில் தேடுவார்கள், எடுத்தாலும் கை பாட்டுக்கு வேலை செய்யும். இப்போது ஒரு மேசையில் அந்தத் தசை இல்லாத உடல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் தேடுவார்கள். தோலோடு சேர்த்து வெட்டிவிட்டோமோ என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வார்கள். ஒருவர் பக்கத்து மேசைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார். கடைசியில், இந்த மனிதருக்கு அது பிறவியிலேயே இல்லை என்பது புரியும். புத்தகத்தில் வரைந்திருப்பது பெரும்பான்மையின் படம், எதிரே படுத்திருப்பது ஒரு தனி ஆள். இந்த வேறுபாடு கையில் பட்டுப் புரிந்த மாணவர் வார்டுக்கு வரும்போது தயாராக வருகிறார்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் பதினாறாம் நூற்றாண்டு உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் நினைவுக்கு வருவார். அவர் காலத்தில் பேராசிரியர் உயரமான இருக்கையில் உட்கார்ந்து பண்டைய கிரேக்க மருத்துவர் காலனின் (Galen) நூலை வாசிப்பார், கீழே வேறு யாரோ வெட்டுவார்கள். காலன் அறுத்துப் பார்த்தது விலங்குகளை. மனிதக் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று அவர் எழுதியதை 1,300 ஆண்டுகளுக்கும் மேலாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெசாலியஸ் இருக்கையை விட்டு இறங்கித் தானே கத்தியை எடுத்தார். கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று 1543-ல் எழுதினார். எத்தனை தலைமுறை மாணவர்கள் அந்தத் தாடையைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்! பார்த்தும் புத்தகத்தைத்தான் நம்பினார்கள்.

சரி, வார்டுக்கு வருவோம். அடிப்படைப் பாடங்கள் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு நான் ஒரே ஒரு கேள்வியைக் காட்டுவது வழக்கம். மூச்சிரைப்போடு வந்திருக்கும் ஒரு பெரியவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

"ஐயா, ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறீங்க?"

முதல் தடவை கேட்கும் மாணவர்களுக்கு இது உபசார விசாரிப்பாகத் தோன்றும். உண்மையில் ஒன்றரை வருடப் படிப்பு இதற்குள் இருக்கிறது. நிற்கும்போது கால்களில் தேங்கி நிற்கும் ரத்தம், படுத்ததும் மார்புக்குத் திரும்புகிறது, சுமார் அரை லிட்டர். நல்ல இதயம் கூடுதலாக வந்ததைக் கூடுதலாக வெளியே தள்ளிவிடும். இதயத் தசை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு பலமாகச் சுருங்கும் என்ற ஸ்டார்லிங் விதியைப் பிசியாலஜி வகுப்பில் படித்திருப்பார்கள். இடப்பக்க இதயம் பலவீனமாகிவிட்டால் அது முடியாது. ரத்தம் பின்னால் தேங்குகிறது. நுரையீரலின் தந்துகிகளில், அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில், அழுத்தம் ஏறுகிறது, நீர் கசிகிறது, நுரையீரல் விறைக்கிறது, மூச்சு முட்டுகிறது. எழுந்து உட்கார்ந்தால் ரத்தம் மறுபடி கீழே இறங்கும், மூச்சு சீராகும். அதனால் அவர் தனக்கே தெரியாமல் தலையணைகளைக் கூட்டிக்கொண்டே போயிருப்பார். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, இப்போது நாற்காலியில் சாய்ந்தபடி தூங்குகிறார். "படுத்து ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல மூச்சுத் திணறி எழுந்து ஜன்னல்கிட்ட போய் நிப்பேன்" என்று அவர் சொன்னால், அது பேத்தாலஜி புத்தகத்தில் இருக்கும் பத்தியேதான்.

அப்புறம் மருந்து. ஃபுரோசமைடு கொடுக்கிறோம். சிறுநீரகத்தின் நுண்குழல்களில் ஹென்லே வளைவு என்ற பகுதியின் ஏறுபகுதியில் உப்பைத் திரும்ப உறிஞ்சும் வாயிலை அது அடைக்கிறது. உப்போடு நீரும் வெளியேறுகிறது, கூடவே பொட்டாசியமும். அதனால் பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் இதயத் துடிப்பு தடுமாறும். மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எடை பார்க்கலாம், சிறுநீர் அளக்கலாம். இரண்டு நாள் கழித்து அதே ஆளிடம் அதே கேள்வியையும் கேட்கலாம். "நேத்து ராத்திரி ஒரே தலையணைதான், தம்பி" என்று அவர் சொல்லும்போது பக்கத்தில் நிற்கும் மாணவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். நான்கு பாடங்கள் ஒரே வாக்கியத்தில் வந்து சேர்வதை அவர் அப்போதுதான் காண்கிறார்.

கதை கேட்பது, அதாவது நாங்கள் ஹிஸ்டரி எடுப்பது என்று சொல்வது, எளிதான வேலை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஸ்கேன் இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இருக்கிறது, எதற்கு இவ்வளவு பேச்சு என்பது அவர்கள் மனசுக்குள் ஓடும். பிரிட்டனில் 1975-ல் வெளியான ஒரு ஆய்வை அவர்களுக்குச் சொல்வேன். புதிதாக வந்த 80 வெளிநோயாளிகள். அனுப்பிய மருத்துவரின் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்ன கதையைக் கேட்டு முடித்ததும் என்ன நோய் என்று எழுதிவைத்தார்கள். கடைசியில் முடிவான நோயறிதலோடு அது 66 பேரில் ஒத்துப்போனது. உடலைப் பரிசோதித்த பிறகு முடிவு மாறியது ஏழு பேருக்கு, ஆய்வகப் பரிசோதனைகளுக்குப் பிறகு மாறியது இன்னொரு ஏழு பேருக்கு. இன்றைக்கு ஸ்கேன்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன, அதனால் இந்தக் கணக்கை அப்படியே இன்றைக்குப் பொருத்தச் சொல்லவில்லை. ஆனால் எந்த ஸ்கேன் எடுப்பது என்று தீர்மானிப்பதே அந்தக் கதைதான்.

கேட்கிறோமா என்றால், இல்லை. அமெரிக்காவில் பெக்மனும் ஃபிராங்கலும் 1984-ல் 74 சந்திப்புகளின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்களே என்பதுதான் எல்லாருடைய பயம். ஸ்விட்சர்லாந்தில் அதையும் சோதித்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டபோது சராசரியாக 92 விநாடிகளில் அவர்களே முடித்துக்கொண்டார்கள். நான்கில் மூன்று பேருக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருப்பது ஒரு பயிற்சி. அதைப் பழக மாணவப் பருவத்தைவிட நல்ல காலம் கிடையாது. ஏனென்றால் அப்போது அவரிடம் கொடுப்பதற்கு மருந்துச் சீட்டு இல்லை, காது மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் வார்டில் ஒரு மாணவி எடுத்த கேஸ் ஒன்று. நாற்பதைத் தாண்டிய ஆள், நெடுநாளாக இருமல், மூச்சிரைப்பு. பல இடங்களில் ஆஸ்துமா என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள், பெரிதாகக் குறையவில்லை. அந்த மாணவி மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரோடு உட்கார்ந்திருந்தார். கேஸ் பிரசன்ட் செய்யும்போது தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று எழுதிவிட்டு நகரும் பழக்கம் எல்லாரிடமும் உண்டு. இவர் அங்கே நின்றார். "என்ன வேலைண்ணா?" என்று கேட்டிருக்கிறார். கல் அறுக்கும் வேலை. எத்தனை வருடமாக, தண்ணீர் தெளித்து அறுப்பீர்களா, காய்ந்த கல்லா, முகத்துக்கு என்ன கட்டிக்கொள்வீர்கள், கூட வேலை செய்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியிருந்தார். கூட வேலை செய்தவர்களில் இரண்டு பேருக்கும் இதே இருமல். எக்ஸ்ரேயை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது மேல் நுரையீரலில் பொடிப்பொடியாக முடிச்சுகள். சிலிகோசிஸ், கல் தூசால் வரும் நுரையீரல் நோய். சிலிகா தூசு ஏறிய நுரையீரலில் காசநோய் எளிதில் தொற்றும் என்பதால் சளியையும் பரிசோதனைக்கு அனுப்பினோம். அவரை அந்த வேலையிலிருந்து விலக்குவதுதான் சிகிச்சையின் முதல் படி. தூசு படிந்த நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து எதுவும் இல்லை. 1700-ல் இத்தாலிய மருத்துவர் ரமாசினி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'என்ன தொழில் செய்கிறீர்கள்' என்பதையும் சேர்க்கச் சொன்னார். முந்நூறு வருடம் தாண்டியும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு மாணவியின் நேரம்தான் தேவைப்பட்டது.

கையால் தெரிந்துகொள்வதும் இப்படித்தான். கல்லீரலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் புதிய மாணவர் விரல் நுனியால் வயிற்றைக் குத்துவார். நோயாளியின் வயிற்றுத் தசை இறுகிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. கையை முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். வலது இடுப்புப் பள்ளத்தில் இருந்து தொடங்க வேண்டும், விலா எலும்பின் அடியிலிருந்து தொடங்கினால் பெரிதாக வீங்கிய கல்லீரலின் விளிம்பைத் தாண்டிவிடுவோம். கையைத் தட்டையாக வைத்துவிட்டு, "நல்லா மூச்சை இழுங்கம்மா" என்று சொல்லிக் காத்திருக்க வேண்டும். மூச்சை உள்ளிழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கிக் கல்லீரலைத் தள்ளும்; விளிம்பு தானாக வந்து ஆள்காட்டி விரலின் ஓரத்தில் இடிக்கும். வரவில்லையா, அடுத்த மூச்சுக்கு ஒரு விரலளவு மேலே. நாம் அதைத் தேடிப் போவதில்லை, அது வரும் வழியில் கையை வைத்துக் காத்திருக்கிறோம். கூடவே கண் நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும். வலித்தால் முதலில் தெரிவது அங்கேதான்.

இன்னொரு சின்ன வேலை, மூச்சு எண்ணுவது. உடல்நிலை மோசமாகப் போகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகளில் ஒன்று மூச்சு வேகம். கேஸ் ஷீட்டுகளில் பார்த்தால் எல்லாருக்கும் 18 அல்லது 20 என்று இருக்கும். எண்ணாமல் எழுதியது என்று பார்த்தவுடனே தெரியும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பிடிப்பது போலவே கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் மார்பைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஒரு நிமிடம் என்பது வார்டில் எவ்வளவு நீளம் என்பது எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் தேர்வில் எப்படிச் சோதிப்பது? 1975-ல் டண்டீ பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஹார்டன் ஓஸ்கி என்ற தேர்வு முறையைக் கொண்டுவந்தார். வரிசையாக நிலையங்கள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, எல்லா மாணவருக்கும் ஒரே மதிப்பெண் பட்டியல். அதற்கு முன்பு எந்தத் தேர்வாளர் வாய்க்கிறார், எந்த நோயாளி வாய்க்கிறார் என்பதைப் பொறுத்துத் தலையெழுத்து மாறும். அந்த அநியாயத்தை இது பெருமளவு குறைத்தது. நான் இதை ஆதரிக்கிறேன். ஆனால் ஓஸ்கிக்காக மட்டுமே தயாராகும் மாணவர் "கை கழுவிக்கொள்கிறேன், என் பெயர் இன்னது, உங்கள் அனுமதியோடு பரிசோதிக்கிறேன்" என்று ஒப்பிக்க ஆரம்பிக்கிறார். எதிரே இருப்பவர் பதில் சொல்வதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். ஆகவே ஒரு நோயாளியோடு ஒரு மணி நேரம் இருந்து, முழுக் கதையையும் கட்டியெழுப்பிச் சொல்லும் லாங் கேஸையும் கைவிடக் கூடாது என்பது என் கட்சி. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக அதைத் தூக்கிய இடங்களில் மாணவர்கள் வார்டுக்கு வருவதும் குறைந்துபோகிறது.

மனப்பாடம் பற்றி ஒரே ஒரு குறிப்பு. படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத்தானே கேட்டுப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்: ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தங்களைச் சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். வார்டில் நோயாளியைப் பார்த்துவிட்டு அன்றிரவு அவருடைய நோயைப் படிப்பவருக்கு இது தானாகவே நடந்துவிடும்.

மாணவர்களால் நோயாளிகளுக்கு ஆபத்து வரலாம் என்பதையும் முதல் வருடத்திலேயே சொல்லித்தர வேண்டும். வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் வேலை பார்த்த மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவு மருத்துவ மாணவர்களுக்கு, இரண்டாவது மருத்துவச்சிகளின் பயிற்சிக்கு. முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் இறந்தவர்கள் மிக அதிகம். முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று தாய்மார்கள் கெஞ்சினார்கள். 1847-ல் அவருடைய நண்பர் கொலெட்ச்கா, பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி கையில் பட்டு, காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அந்தச் சாவின் அறிகுறிகளும் தாய்மார்களின் சாவும் ஒன்றுபோல இருந்ததைச் செம்மல்வைஸ் கவனித்தார். மாணவர்கள் பிணவறையில் இருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மே மாதம் முதல் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 18 சதவீதத்துக்கு மேல் இருந்த சாவு, ஜூலையில் 1.2 சதவீதத்துக்கு இறங்கியது. கற்றுக்கொள்ள வந்த கைகளே காரணமாக இருந்தன என்பதை அன்றைய பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. கை கழுவு என்று போஸ்டர் ஒட்டுவதைவிட இந்தக் கதையை முழுசாகச் சொன்னால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு இழப்பைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. படிக்க வரும்போது பிள்ளைகளிடம் இருக்கும் பரிவு, வார்டுக்குள் நுழைந்த பிறகு குறையத் தொடங்குகிறது. ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஹோஜாட்டும் அவருடைய குழுவினரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வருடப் படிப்பின் மூன்றாம் வருடத்தில் இந்தச் சரிவு தெரிந்தது. நோயாளியை நேரில் பார்க்க ஆரம்பிக்கும் வருடம் அது. பரிவு வளர வேண்டிய நேரத்தில் தேய்கிறது. காரணம் எனக்கு அந்நியமாக இல்லை. தூக்கமின்மை, எல்லார் முன்னாலும் வாங்கும் திட்டு, மூத்தவர்கள் நோயாளியை "மூணாவது கட்டில் லிவர்" என்று குறிப்பிடுவதைத் தினமும் கேட்பது. பாடத்திட்டத்தில் எழுதப்படாத இந்தப் பாடம் மற்ற எல்லாப் பாடங்களையும்விட வேகமாக ஏறுகிறது. ஆசிரியர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் மாணவரும் உட்காருவார். ஆசிரியர் நின்றபடி ஃபைலைப் புரட்டினால் அவரும் ஃபைலைத்தான் பார்ப்பார். சொல்லிக்கொடுப்பவர்கள் முதலில் எங்களைத் திருத்திக்கொள்ள வேண்டிய இடம் இது.

வார்டில் மருத்துவர்கள் மட்டும் இல்லை என்பதும் மாணவப் பருவத்திலேயே தெரிந்துவிட வேண்டும். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்த நர்ஸ் சிஸ்டருக்குத் தெரிந்தது, காலையில் ரவுண்ட்ஸ் வரும் பேராசிரியருக்குத் தெரியாது. பக்கவாதம் வந்தவரை முதல் தடவை கட்டில் விளிம்பில் உட்காரவைக்கும் பிசியோதெரபிஸ்டின் கை எங்கே பிடிக்கிறது, எங்கே பிடிக்காமல் விடுகிறது என்று பார்த்தால் நரம்பியல் பாதி விளங்கும். இரண்டு மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதை மருந்தாளுநர்தான் முதலில் பிடிப்பார். ரத்த மாதிரி உறைந்து வந்தால் ஆய்வகத்தில் என்ன ஆகிறது என்று பார்த்த மாணவர், அதற்கப்புறம் குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி ஒழுங்காகக் கலந்து அனுப்புவார். ஒரு முழு ஷிஃப்ட் நர்ஸோடு நில்லுங்கள், ஒரு நாள் ஆய்வகத்தில் உட்காருங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்கிறேன். போனவர்கள் யாரும் நேரம் வீணானது என்று வந்து சொன்னதில்லை.

இந்தப் படிப்பை முடித்தவர்கள் எல்லாரும் கத்தி பிடிக்கப் போவதில்லை, எல்லாரும் கிளினிக் வைக்கப் போவதும் இல்லை. நுண்ணோக்கியோடு வாழும் நோயியல் மருத்துவர், மயக்க மருந்து கொடுத்து ஒவ்வொரு மூச்சையும் காவல் காக்கும் மருத்துவர், ரத்த வங்கி, தடயவியல், பொது சுகாதாரம், தொழிலாளர் நலம், ஆராய்ச்சி, ஆசிரியப் பணி என்று வழிகள் நிறைய. பிசியாலஜியை ரசித்துப் படித்த மாணவருக்கு மயக்கவியல் இருக்கிறது என்பது பல சமயம் யாரும் எடுத்துச் சொல்லாததால் தெரியாமலே போகிறது. எந்தத் துறையை எடுக்கலாம் என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் சம்பளத்தையோ மவுசையோ வைத்துப் பேசுவதில்லை. எந்த போஸ்டிங்கில், அதாவது எந்தத் துறையில் பயிற்சிக்குப் போனபோது, மணி பார்க்காமல் இருந்தாய் என்று கேட்கிறேன். பதில் வர நேரம் பிடிக்கும். சிலருக்கு அப்படி ஒரு இடமே வாய்த்திருக்காது, ஏனென்றால் எல்லா போஸ்டிங்கிலும் நுழைவுத் தேர்வுக் கேள்விகளைத்தான் தட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இதற்கு மாணவரை மட்டும் பொறுப்பாக்குவது சரியில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு வார்டு என்று சுற்றிச்சுற்றி அனுப்பினால் எந்த நோயாளியையும் தொடர்ந்து பார்க்க முடியாது. சேர்ந்த நோயாளி குணமாகிப் போனாரா, மறுபடி வந்தாரா என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1971 முதலே மாணவர்களை மாதக்கணக்கில் ஒரே கிராமப்புற மருத்துவரோடு தங்கிப் படிக்கவிடும் திட்டம் நடக்கிறது. ஹார்வர்டு மாணவர்களுக்கு அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் 2004-ல் தொடங்கிய திட்டத்தில், மாணவர் ஒரு வருடம் முழுக்கத் தனக்கென்று சில நோயாளிகளைப் பின்தொடர்கிறார். ஒரு கர்ப்பிணி என்றால் மாதாந்திரப் பரிசோதனை, பிரசவம், அப்புறம் குழந்தையின் தடுப்பூசி வரைக்கும். புற்றுநோயாளி என்றால் ஆபரேஷன் நாளும் அதற்கடுத்த ரிசல்ட் நாளும். ஒரு கல்லூரி முழுவதையும் ஒரேயடியாக அப்படி மாற்றுவது பெரிய வேலைதான். ஆசிரியர்கள் போதாது, கால அட்டவணை இடிக்கும். ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே ஒரு நோயாளியை, நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ள ஒருவரை, ஒரு வருடத்துக்கு ஒப்படைக்க எந்தப் புதிய கட்டடமும் தேவையில்லை. அவர் ஓ.பி.க்கு வரும் நாளில் மாணவரும் அங்கே இருக்க வேண்டும், அதற்காக அன்றைய வகுப்பிலிருந்து விலக்குக் கொடுக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் ஒதுக்கினால் அடுத்த வருடமே ஆரம்பித்துவிடலாம்.